வரிசையும் முடிவும்: சங்க இலக்கியச் சொற்கணக்கீட்டில் பிவட் அட்டவணை

சங்க இலக்கியச் சொற்களை எண்ணிக் கணக்கிடும் ஆய்வுகளில் எக்செல் மென்பொருளின் பிவட் அட்டவணை பயனுடைய கருவியாகும். பாடல், திணை, புலவர் எனத் தரவுகளை வகைப்படுத்தி இட்டால் கூட்டுத்தொகைகள் நொடியில் கிடைக்கின்றன. ஆயின், அவற்றை இறங்குவரிசையில் அடுக்கி, முதலிடத்தில் நிற்பதையே ஆய்வுமுடிவாக எழுதுவது பொருந்தாது. எதனை எதனால் வகுத்து, எந்நிலையில் வடிகட்டி அவ்வரிசை பெறப்பட்டது என்பது கூறப்படாதவரை அது சான்றாகாது.

அகநானூறு இதனைத் தெளிவாக உணர்த்தும். அதன் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்கள் பாலைக்குரியவை. குறிஞ்சிக்கு 80, முல்லை, மருதம், நெய்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே 40 பாடல்கள் அமைந்துள்ளன. ஒரு சொல் பாலையில் 60 இடங்களிலும் முல்லையில் 20 இடங்களிலும் பயில்வதாகக் கொள்ளின், எண்ணிக்கைவழி அடுக்கும்போது பாலை முந்தும். பாடல் எண்ணிக்கையால் வகுத்தாலோ பாலை 0.30, முல்லை 0.50 என வரிசை தலைகீழாகும். முன்னைய வரிசை காட்டுவது தொகுப்புமுறையையே அன்றிச் சொல்லின் திணைச்சார்பை அன்று.

நூல்களை ஒப்பிடுமிடத்துப் பாடல் எண்ணிக்கையும் போதாது. ஐங்குறுநூற்றுப் பாடல்கள் 3 முதல் 6 அடிகளும், அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடிகளும் உடையவை. ஆங்கு அடித்தொகையே தக்க வகுஎண்.

இவ்விகிதத்தைப் பெறப் பயன்படும் கணக்கிட்ட புலம், கூட்டுத்தொகையைக் கூட்டுத்தொகையால் வகுக்கிறது. தனித்தனி விகிதங்களின் சராசரியைத் தருவதில்லை. மேற்காட்டிய இரு திணைகளையும் சேர்த்தால் அது தருவது 80/240, அதாவது 0.33, சராசரியோ 0.40. மேலும், சொல் வருமிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை அமைத்தால், அச்சொல் மும்முறை வரும் பாடலின் அடிகள் மும்முறை கூட்டப்படும். அச்சொல் வாராப் பாடல்கள் கணக்கிலேயே இடம்பெறா. எனவே பாடலுக்கு ஒரு நிரை என்பதே தரவின் அடிப்படையாதல் வேண்டும்.

விகிதவழி அடுக்குவதிலும் இடர் உண்டு. சங்கப் புலவருள் ஒரே பாடல் பாடியோர் பலர். அப்பாடலில் சொல் ஒருமுறை வந்தாலும் விகிதம் 1.00 ஆகி, அப்புலவர் பல பாடல் பாடிய கபிலருக்கும் மேலே நிற்பார். குறைந்தது இத்தனை பாடல்கள் என்னும் வரம்பால் முதலில் வடிகட்டிப் பின்னர் அடுக்குவதே முறை. வடிகட்டலும் நடுநிலையானதன்று; சில உருப்படிகளை நீக்கியபின், மொத்தத்தில் விழுக்காடாகக் காட்டப்படும் மதிப்புகள் எஞ்சியவற்றின் மொத்தத்தை அடிப்படையாகக் கொண்டு மாறிவிடுகின்றன. நீக்கப்பட்டவை குறிக்கப்படாவிடில் அவ்விழுக்காடு முழு நூலுக்குரியதெனப் பிழைபட உணரப்படும்.

ஆகவே, அட்டவணையைச் சான்றாகக் காட்டும் கட்டுரை ஒவ்வொன்றும் தரவின் நிரை அலகு, வகுஎண், வடிகட்டல் வரம்பு, அடுக்கிய முறை ஆகிய நான்கினையும் அட்டவணையின் கீழேயே குறித்தல் வேண்டும். அவை இல்லாத கட்டுரைகளை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புதலும் தகும். பாடவேறுபாடு சுட்டாத பதிப்பை ஏற்கத் தயங்கும் தமிழாய்வு, வகுஎண் சுட்டாத அட்டவணையை மட்டும் ஐயமின்றி ஏற்பதற்குக் காரணம் இல்லை.