கோழியைக் கட்டியாக உறைய வைக்காதீர்கள்

ஞாயிறன்று சந்தையில் வாங்கிய நான்கு கிலோ கோழியை ஒரே பையில் உறைபெட்டிக்குள் திணிப்பது நம் வீடுகளில் வழக்கம். பிறகு கறி சக்கையாக இருந்தால், "ஐஸ் கோழி அப்படித்தான்" என்று சமைத்தவருக்குத்தான் ஏச்சு. மாமியார்கள் மன்னிக்க வேண்டும், குற்றவாளி அந்த ஒற்றைக் கட்டிதான்.

தடித்த கட்டி மெதுவாக உறையும். அப்போது பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து தசை இழைகளைக் கிழித்துவிடும். உருகும்போது வடிகிற செந்நீர் இரத்தமன்று. மயோகுளோபின் புரதம் கலந்த இறைச்சிச் சாறு. சுவை அதோடு போய்விடுகிறது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் பையிலிட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரே அடுக்காகத் தட்டையாகப் பரப்புங்கள். கனம் பாதியானால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே குறையும்.

எனக்குக் கூடுதல் கவலை, உருக்கும் முறை. −18 பாகை செல்சியஸ் குளிர் கிருமிகள் எல்லாவற்றையும் கொல்வதில்லை, பெரும்பாலானவை தூங்குகின்றன. காலையில் கட்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், நம் ஊர் 30 பாகை வெப்பத்தில், நடுப்பகுதி பனியாக இருக்கும்போதே மேற்புறத்தில் அவை பெருகத் தொடங்கிவிடும். தட்டைப் பொட்டலத்தை முதல் நாள் இரவே ஒரு தட்டில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழடுக்குக்கு மாற்றுங்கள். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்ததும் நேரே சட்டியில் போடலாம்.