மூச்சுக்குழலும் மேற்பார்வையும்

மனிதனின் மூச்சுக்குழல் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளமே உடையது. அதனை மூடிக்கொள்ளாமல் தாங்கி நிற்பவை 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள். அவை முழு வளையங்களல்ல. பின்புறம் திறந்த லாட வடிவின. உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் இடையறாது அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன.

இவ்வளவு எளிய குழலுக்கு மாற்றுச் செய்தல் அரிதாவானேன்? சிறுநீரகத்திற்கு இருப்பதுபோல் இணைத்துத் தைக்கத்தக்க பெரிய இரத்தக்குழாய் இதற்கில்லை. பக்கங்களிலிருந்து வரும் சிறு குழாய்களே இதனை ஊட்டுகின்றன. வேரறுந்த நாற்றை நட்டால் என்னாகும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

2011 ஜூனில் ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில், பாவ்லோ மக்கியாரினி என்னும் இத்தாலிய அறுவை நிபுணர், நோயாளியின் எலும்பு மச்சை உயிரணுக்களை விதைத்த பிளாஸ்டிக் குழலொன்றைப் பொருத்தினார். உலகம் வியந்தது. விலங்குகளிடம் போதிய சோதனை நடைபெறவில்லை. நன்னெறிக் குழுவின் அனுமதியும் கோரப்படவில்லை. இரண்டாம் நோயாளி 2012 மார்ச்சில் மாண்டார். எனினும் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மூன்றாமவருக்கும் அக்குழல் பொருத்தப்பட்டது! காலப்போக்கில் மூவருமே இறந்தனர்.

குற்றம் ஒரு மருத்துவரோடு முடிந்துவிடுவதாகச் சிலர் கருதுகின்றனர். அதனை நான் ஒப்பவில்லை. நோயாளிகளின் குறிப்பேடுகள் அதே மருத்துவமனையில் இருந்தன. அவற்றை அச்சான கட்டுரைகளோடு ஒத்துப் பார்த்த நான்கு மருத்துவர்கள் 2014-ல் முறையிட்டனர். வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட பேராசிரியர் பெங்ட் கெர்டீன், முறைகேடு உண்டென்று 2015 மே மாதம் அறிக்கை தந்தார். ஆகஸ்டில் கரோலின்ஸ்கா கழகத்தின் துணைவேந்தர் முறைகேடு ஏதுமில்லையென முடிவு கட்டினார். தணிக்கையாளர் எழுதியதை நிர்வாகமே அடித்துவிடலாமெனில் தணிக்கை எதற்கு?

2016 ஜனவரியில் தொலைக்காட்சிப் படமொன்று வெளிவந்த பின்னரே கழகம் அசைந்தது. துணைவேந்தர் விலகினார்; மக்கியாரினி நீக்கப்பட்டார். 2018-ல் கழகம் அளித்த முடிவு, கட்டுரையில் பெயர் இருந்தமையால் முறையிட்டவர்களையும் குறை கூறிற்று. இனி எவர் வாய் திறப்பார்? 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தது.

2020 முதல் ஸ்வீடனில் ஆராய்ச்சி முறைகேட்டை விசாரிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களிடமிருந்து எடுக்கப்பட்டுத் தேசியக் குழுவொன்றிடம் ஒப்புவிக்கப்பட்டுள்ளது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அக்குழு விசாரிப்பது நடந்து முடிந்ததையே. அறுவைக்கு முன்னர் அனுமதி எங்கே என்று கேட்க வேண்டியவர்கள் மருத்துவமனையினரே.