டப்பா காலியான பிறகா சீட்டைத் தேடுவது?

2020ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி இரவு, 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமுலுக்கு வரும் என்று மலேசியப் பிரதமர் அறிவித்தார். மறுநாள் ஜொகூர் பாலத்தில் ஜன வெள்ளம். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்கள், அக்கரையில் தங்கினால்தான் சம்பளம் என்று கையில் அகப்பட்ட துணிமணிகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். போனவர்களில் சிலருக்குத் தலைசாய்க்க இடமில்லை. கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையத்தின் வெளியே தரையில் படுத்து இரவைக் கழித்தார்கள். அந்தக் காட்சி பத்திரிகைகளில் வந்தது. பிறகு சிங்கப்பூர் அரசாங்கத்தார் தங்குமிடம் தேட உதவினார்கள்.

படுக்க இடம் கிடைத்தது. மருந்து?

நம் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனும் அன்று கிராஞ்சியில் படுத்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், ரத்தக் கொதிப்புக்காரர். சட்டைப்பையில் நான்கு மாத்திரைகள். மறு மருந்து வாங்க வேண்டிய தேதி மார்ச் 9. "இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கிறதே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டிருந்தார். அந்த அடுத்த வாரத்தில் பாலம் அடைபட்டுவிட்டது.

நம் நாட்டுக் கிளினிக் கொடுத்த மருந்துச் சீட்டை அக்கரை மருந்தகத்தில் நீட்டிப் பயனில்லை. அங்கே பதிவுபெற்ற டாக்டரின் சீட்டு வேண்டும். அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கு அரசாங்கச் சலுகை விலையும் கிடையாது. செலவுக்குப் பயந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார். பிறகு அதுவும் இல்லை. அவர் சாப்பிட்டது அட்டனோலால் என்ற வகை. அதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைகூடப் போகலாம் என்பது டாக்டர்கள் சொல்லும் எச்சரிக்கை. மூன்றாவது வாரம் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். உயிர் தப்பியது அந்தத் தாய் செய்த புண்ணியம் என்றே சொல்ல வேண்டும்.

9ஆம் தேதியே போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? ஆகியிருக்காது. அந்தப் பாலம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. ஆனால் கையில் ஒரு மாத மருந்து இருந்திருந்தால், விசாரிக்கவும் முதலாளியிடம் பேசவும் கடன் வாங்கவும் அவருக்கு அவகாசம் இருந்திருக்கும்.

அவரை மட்டும் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்தின் பெரிய நோய் மலேரியா. பெரட்டில் நிற்க வைத்துக் கொய்னாவை வாயில் போட்டார்கள். காய்ச்சல் வந்தால் டிரஸ்ஸர் மருந்து கலக்கிக் கொடுப்பார். குணமானால் கணக்குத் தீர்ந்தது. இன்று வந்திருப்பவை தீராத கணக்குகள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 100க்கு 15.6 பேருக்கு இனிப்புநீர், 29.2 பேருக்கு ரத்தக் கொதிப்பு. இந்த மாத்திரைக்குப் பெரட்டும் இல்லை, மணியும் அடிப்பதில்லை. நாமே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணிப் பார்ப்பது கிராணிகளாகிய நமக்குப் புதிதல்ல. பால் உறைய வைக்கும் ஆசிட் கடைசிச் சொட்டு வரை தீரட்டும் என்று எந்த ஸ்டோர் கிராணியாவது காத்திருப்பாரா? அப்படி இருந்தால் துரை அவரை விட்டுவைப்பாரா? ஆனால் அதே கிராணியின் வீட்டு அலமாரியில் மாத்திரை அட்டை காலியாய்க் கிடக்கும். (எழுதுகிற நம் வீட்டிலும் ஒரு முறை கிடந்தது, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.) பத்து நாள் மருந்து மிச்சமிருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைகள் குறுக்கிட்டால் இன்னும் முன்னதாக.

வழிகள் இல்லாமலில்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கலாம். பெரும்பாலும் ஒரு மாதத்து மருந்தாகத்தான் கொடுப்பார்கள். மீதியைத் தேதி போட்டு எழுதித் தருவார்கள். அந்த மீதியை வேறோர் அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ பெற்றுக்கொள்ள 'ஸ்பப்' என்னும் ஏற்பாடு உண்டு. முன்கூட்டிப் பதிந்தால் தபாலிலும் வரும். தபால் செலவு நம்முடையது. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய இன்சுலினுக்கு மட்டும் தபால் ஒத்துவராது. பாலம் தாண்டுகிறவர்கள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை சாதாரண மருந்துகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகலாம். தூக்க மாத்திரை போன்றவற்றுக்குத் தனி அனுமதி தேவைப்படலாம். சீட்டின் நகலும் பையில் இருக்கட்டும்.

இவ்வளவும் தெரிந்தாலும் போக நேரம் வேண்டாமா? விடிவதற்குள் வெட்டுக்கு இறங்கி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்புவதற்குள் பகல் சாய்ந்துவிடுகிறது. பிறகு பஸ் பிடித்துப் பட்டணம் போனால் மருந்தகத்தில் நீண்ட வரிசை. காலையிலேயே போகலாம் என்றால் அன்றைய சம்பளம் போச்சு. ஒரு வெள்ளி மருந்துக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்கச் சொன்னால், மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவனை எப்படிச் சோம்பேறி என்பது?

ஆகவே நிர்வாகத்தினரிடம் நாம் கேட்பது இதுதான். மருந்துத் தேதி காட்டும் அட்டையைக் கொண்டுவருபவருக்கு மாதத்தில் அரை நாள், சம்பளத்துடன், செக்ரோலில் வருகை குறையாமல் கொடுக்க வேண்டும். தோட்டத்து வேன் மாதம் ஒரு முறை கிளினிக்குக்குப் போகட்டும். நடக்க முடியாத முதியவர்களுக்காக ஒருவர் பல அட்டைகளைக் கொண்டுபோய் வாங்கிவரக் கிளினிக் மருந்தகத்தாருடன் பேசவும் சங்கம் தயார்.

கிளைச் செயலாளர்கள் தங்கள் லயங்களில் நிரந்தர மருந்து சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதிகளில் வாங்குகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். நோயின் பெயர் எழுத வேண்டாம், தேதி போதும்.