பெண் குழந்தைகளுக்கு எந்தக் கதை?

நம் பெண் குழந்தைகளுக்குப் பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரையில் கதையின் மேல் இருக்கிற பசி சோற்றின் மேல் இருப்பதில்லை. மர்மக் கதை, சாகசக் கதை என்றால் தூக்கம் வருவதில்லை. "அப்புறம் என்ன? அது எப்படி?" என்று கேட்கிற வயது அது. அந்த வயதில் நாம் அவர்களுக்குக் கொடுக்கிற பக்திக் கதைகள் எப்படிப்பட்டவை என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

கடலூர்ப் பக்கத்தில் பாட்டிமார் சொல்லுகிற பெரிய சாகசம் அப்பர் கதையாகும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தின்படி, அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைத்தார்கள், வேகவில்லை. விஷச்சோறு கொடுத்தார்கள், சாகவில்லை. யானையை ஏவினார்கள், மிதிக்கவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தது. கதை ருசியாகத்தான் இருக்கின்றது. ஆனால் பேத்தி, "கல் எப்படிப் பாட்டி மிதக்கும்?" என்று கேட்டுவிட்டால், "எல்லாம் அவன் செயல், அப்படிக் கேட்கக் கூடாது" என்று வாயை மூடிவிடுகிறார்கள். ஒரு கருங்கல்லையும் ஓர் இரும்புச் சட்டியையும் தண்ணீர்த் தொட்டியில் விட்டுக் காட்டினால், கல் ஏன் முழுகுகிறது, சட்டி ஏன் மிதக்கிறது, கப்பல் ஏன் ஓடுகிறது என்கிற மூன்றும் ஒரு நாழிகையில் விளங்கிவிடுமே! அதைச் செய்வார் யார்?

சிதம்பரத்திற்குப் போனாலோ, மர்மத்திற்கே பெயர் வைத்திருக்கிறார்கள். திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்குகின்றது, அதற்குப் பின்னால் வெறும் இடம், அதுதான் ரகசியமாம். ஆகாயத் தத்துவம் என்று பெரியவர்கள் வியாக்கியானம் சொல்லிக்கொள்ளட்டும். "அங்கே ஒன்றுமில்லையே அப்பா" என்று சொல்லுகிற குழந்தையை ஏன் அதட்ட வேண்டும் என்றுதான் கேட்கின்றோம். கண்டதைக் கண்டபடி சொன்னது குற்றமா?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அப்பர் கதையில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவருடைய தமக்கை திலகவதிக்கு வயது 12. கலியாணம் பேசப்பட்டவன் போரில் மாண்டான்; தாய் தந்தையரும் இறந்தார்கள். அவளும் சாகத் துணிந்து, தம்பி கெஞ்சியதால் உயிரோடிருந்து, திருவதிகைக் கோயிலில் கூட்டி மெழுகிக் காலம் கழித்தாள். தீயும் விஷமும் யானையும் கடலும் தம்பிக்கு! துடைப்பமும் சாணியும் தமக்கைக்கு! தாலியே கட்டாதவனுக்காக விதவையாய் வாழ்ந்ததைப் பெருமை என்று 12 வயதுப் பெண்ணிடமே சொன்னால், அவள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வாள்?

நிற்க. கல் மிதந்ததாகச் சொல்லப்படும் அதே கடல், 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலையாய்ப் பொங்கிக் கடலூர் ஜில்லாவில் மாத்திரம் 600 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அவர்களில் பக்தி இல்லாதவர்கள் எத்தனை பேர்? அதே நாள் காலையில் தாய்லாந்து தேசத்துப் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலீஷ் பெண், கடல் நுரைத்துப் பொங்குகிற விதத்தைப் பார்த்தாள். இரண்டு வாரத்திற்கு முன் பள்ளிக்கூடத்துப் பூகோள வகுப்பில் இதே அடையாளத்தைப் படித்திருந்தாள். "பேரலை வரப்போகிறது" என்று பெற்றோரிடம் கத்தினாள். கடற்கரை காலியாயிற்று. சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். இதில் மர்மம் இல்லையா? சாகசம் இல்லையா?

நம் கடலோரத்துக் குழந்தைகளுக்கு மூளை குறைவு என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. அன்று இந்தியாவில் எச்சரிக்கை நிலையமும் இல்லை. 2007-இல்தான் ஐதராபாத்தில் அது ஏற்பட்டது. அதையும் மனிதன் தன் அறிவினால்தான் ஏற்படுத்தினான்.

ஆகவே தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். கதை சொல்ல வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, தாராளமாய்ச் சொல்லுங்கள். அப்பர் கதையையே சொன்னாலும் சரி. ஆனால் உங்கள் பெண் "எப்படி?" என்று கேட்கிற இடத்தில் கதையை நிறுத்தி, அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போங்கள். பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, நீ படித்துக் கண்டுபிடித்து எனக்குச் சொல்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு மட்டுமல்லாமல், ஒரு நாள் கரையில் நிற்கிற நூறு பேருக்கும் உயிர் கொடுக்கக் கூடும்.