கண்மாய்களும் பூமியின் உஷ்ணமும்

பூமியின் உஷ்ணம் ஏறிவருவது பனிமலைகளையும் கடற்கரைகளையும் மட்டுமே பற்றிய விஷயமென்று நம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். மேற்கு மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கண்மாய்களை நம்பிப் பிழைப்போர் அவ்விதம் எண்ணியிருக்க நியாயமில்லை. உலகத்தின் ஏரிகள் 235-ஐ ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1985 முதல் 2009 வரை அவற்றின் கோடைகால மேல்நீர் பத்தாண்டுக்கு 0.34 டிகிரி சென்டிகிரேட் வீதம் சூடேறியதாக 2015-ல் வெளியிட்டனர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாயும், ராஜபாளையத்தார் குடிக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இதே வெயிலில்தான் கிடக்கின்றன.

சொற்ப அளவென்று தோன்றலாம். ஆனால் நீர் சூடேற ஏறப் பிராணவாயுவைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். சாக்கடை கலந்துவிட்டாலோ பாசி தடித்து வளர்கிறது. பகலில் அது பிராணவாயுவை வெளிவிட்டாலும் இரவில் தானே உட்கொள்கிறது. அடியில் அழுகுபவை மிச்சத்தையும் தீர்த்துவிடுகின்றன. கோடையில் விடியற்காலை வேளையில் மீன்கள் செத்து மிதக்கக் கண்டு, எவனோ விஷமிட்டானென்று சண்டை மூளுவதுண்டு. மூச்சுக்கு வாயுவின்றியே அவை மாண்டிருக்கக்கூடும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

ஆகாயம் கொதித்தால் கண்மாய் என்ன செய்யும் என்று கைவிரிப்போரும் உளர். உத்தியோகஸ்தர்களுக்கு இது மிகவும் சௌகரியமான வாதம். நாம் இதை ஒப்புக்கொள்ளோம். வெயில் குடிக்கும் நீர் பெரிதும் கண்மாயின் பரப்பைப் பொறுத்ததேயன்றி ஆழத்தைப் பொறுத்ததன்று. பத்தடி நீர் நின்ற இடத்தில் வண்டலேறி ஐந்தடியே நிற்குமானால், வெயில் முன்போலவே தன் அங்குலங்களைக் குடித்துவிட்டுப் போகும்; ஆயக்கட்டு விவசாயியின் நஷ்ட விகிதமோ இரட்டிப்பாகும். ஆழங்குறைந்த நீர் விரைவில் சூடேறுவது வேறு. உஷ்ணத்துக்கு உலகமே உத்தரவாதி, வண்டலுக்கு நாமன்றோ?

மழையும் முன்போலில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. 2023 டிசம்பரிலோ, அண்டையிலுள்ள தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவிகிதம் அதிக நீராவியைச் சுமக்குமாதலால், இத்தகைய பெருமழைகளை இனியும் எதிர்பார்க்க வேண்டியதே. தூர்ந்த கண்மாய் அவற்றைத் தேக்கமாட்டாது. கரையை உடைத்துக்கொண்டு போகவிடும்.

2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயருக்குப் புத்துயிர் அளித்தது சர்க்கார். பெயர் நல்லதே. ஆனால் மடை மட்டத்துக்கு வெகு கீழே குழி பறித்து மண்ணை லாரியில் ஏற்றுவதைத் தூர்வாருதலென்று நாம் அழைக்கத் தயாரில்லை. அக்குழிகளின் நீர் மடை ஏறி வயலுக்கு வராது. மாடுகளையும் சிறுவர்களையும் விழுங்கத்தான் அவை உதவும்.

1883-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய கண்மாய்ச் சீரமைப்புத் திட்டத்தின்போது, பல கண்மாய்களின் கொள்ளளவும் மடை மட்டமும் கலுங்கின் உயரமும் அளந்து ஏட்டில் எழுதப்பட்டன. நீர்வளத்துறையார் அத்தகைய ஏடுகளைத் தூசி தட்டி எடுக்கட்டும்; ஏடில்லாதவற்றைப் புதிதாய் அளக்கட்டும். இரு தாலுகாக்களிலும் ஒவ்வொரு கண்மாயின் பழைய ஆழத்தையும் இன்றைய ஆழத்தையும் ஐப்பசி பிறக்குமுன் மடையருகே கல்லில் பொறித்து, ஆயக்கட்டுதாரர் அனைவரும் காண நிறுத்தவேண்டுமென்று கோருகிறோம். சாக்கடையை வேறு வழி திருப்பும் பொறுப்பு இரு நகரசபைகளையும் சேர்ந்தது. எந்தத் தேதிக்குள் திருப்புவார்களென்பதை அவர்கள் பகிரங்கமாய்ச் சொல்லட்டும்.