ஹெப்பாரினைக் கண்டுபிடித்தது மாணவரா, பேராசிரியரா?

இதய அறுவை சிகிச்சையின்போது இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தை ஓர் இயந்திரம் வழியாக ஓட்டுகிறார்கள். ஆனால் ரத்தம் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டாலே உறைய ஆரம்பிச்சிடும். அதைத் தடுப்பது ஹெப்பாரின் என்ற ஊசி மருந்து. டயாலிசிஸிலும் பெரும்பாலும் இதுதான். இதன் முதல் தடயத்தைப் பார்த்தவர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்த ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர்.

1890-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 1906 நிலநடுக்கமும் தீயும் வீட்டைப் பறித்துக்கொண்டன. அறுவை சிகிச்சை நிபுணர் ஆகணும்னு ஆசை, கையில் காசு இல்லை. மொகாவி பாலைவனத் தங்கச் சுரங்கத்தில் கூலி வேலை, எண்ணெய்க் கிணற்று வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்து பணம் சேர்த்தார். ஹாப்கின்ஸ் முதலில் இடம் இல்லை என்றது. அப்படியும் 1915-ல் நேரில் போய் நின்றார். எதிர்பாராமல் ஓர் இடம் காலியாக, உள்ளே நுழைந்தார்.

உடலியல் பேராசிரியர் வில்லியம் ஹோவெல் அவருக்குக் கொடுத்த வேலை, ரத்தத்தை உறைய வைக்கும் பொருளை ஆராய்வது. ஆனால் கல்லீரலிலிருந்து பிரித்த ஒரு சாறு நேர்மாறாக நடந்தது. உறைதலைத் தாமதப்படுத்தியது. ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று வேறு யாராவது கொட்டியிருக்கலாம். இவர் கொட்டவில்லை. பேராசிரியரோ நம்பவில்லை. பூனையின் ரத்தத்தில் அந்தச் சாற்றைக் கலந்து, ‘இது உறைந்தால் சொல்லுங்கள்’ என்று ஹோவெலின் மேசையிலேயே வைத்துவிட்டு வந்ததாக மெக்லீன் பின்னாளில் எழுதினார். அது உறையவே இல்லை!

1916-ல் வந்த அவரது ஆய்வுக் கட்டுரையில் இந்த விஷயத்துக்குச் சில வரிகள்தான். அத்தோடு அவர் அந்த ஆய்வை விட்டு விலகிப்போனார். 1918-ல் ‘ஹெப்பாரின்’ என்று பெயர் வைத்தது ஹோவெலும் இன்னொரு மாணவரான எம்மெட் ஹோல்ட்டும். கிரேக்கத்தில் ‘ஹெபார்’ என்றால் கல்லீரல். ஹோவெல் 1920-களில் பிரித்தெடுத்த பொருள் வேதியியல்படி மெக்லீனுடையதிலிருந்து வேறுபட்டது. நோயாளிக்குப் போடும் அளவுக்கு அதைச் சுத்தப்படுத்தியது 1930-களில் டொராண்டோ, ஸ்டாக்ஹோம் ஆய்வுக்குழுக்கள்.

அப்போ இது யாருடைய கண்டுபிடிப்பு? மெக்லீன் தன் கடைசிக் காலத்தில் உரைகளிலும் கடிதங்களிலும் தன் பங்குக்காகப் போராடினார். முழு உரிமையும் அவருக்கே என்பது மிகை. இன்று பயன்படும் ஹெப்பாரின் அவர் குடுவையில் இருந்த பொருள் அல்ல. ஆனால் அந்தக் குடுவை இல்லாவிட்டால், ஹோவெல் அந்தப் பக்கம் திரும்பியிருப்பாரா என்பதே சந்தேகம். பேராசிரியரின் தேடலையே திசைமாற்றியது மாணவரின் பிடிவாதம். அதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

1953-ல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதல்முறையாக வெற்றிகரமாகத் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்தபோது மெக்லீன் உயிரோடு இருந்தார். 1957-ல் மறைந்தார். ஹாப்கின்ஸில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தது 1963-ல். அதிலும், பேராசிரியர் ஹோவெலுடன் சேர்ந்து செய்த பங்களிப்பு என்றே எழுதியிருக்கிறது.