பொதுக் கிணற்றுக்குப் பூட்டா?

அமெச்சூர் வானொலிக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் எவருடைய முதுசமும் அல்ல. ஊர்ப் பொதுக் கிணற்றைப் போன்றவை. பரீட்சையிற் சித்தியெய்தி அனுமதிப்பத்திரம் பெற்றவர் எவரும் அங்கே பேசலாம், ஏனையோர் கேட்கலாம். இதனாலன்றோ, நாடுகளுக்கிடையிலான அமெச்சூர்த் தொடர்புகள் பொருளை மறைக்கும் நோக்குடன் குறியீடாக்கப்படலாகாதெனச் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் 25ஆம் உறுப்புரை விதித்தது! செய்மதிகளுக்கு இடும் கட்டளைகளுக்கு மட்டுமே விலக்கு. ஐக்கிய அமெரிக்காவின் சட்டமும் அவ்வாறே மறைமொழியைத் தடுக்கின்றது.

சட்டம் நன்று. ஆயின் ‘நோக்கு’ என்னும் ஒற்றைச் சொல்லிலே ஓட்டை விழுந்துவிட்டது. ஜேர்மன் கம்பனியொன்றின் ‘பக்டோர் 4’ முறையிற் பேச விரும்புவோர் அக்கம்பனியின் விலையுயர்ந்த மோடெத்தை வாங்கியே தீரவேண்டும். ‘வாரா’ என்னும் மென்பொருளின் மூலநிரல் இன்றுவரை வெளியிடப்படவில்லை. “நாம் எதனையும் மறைக்க எண்ணவில்லையே!” என்கின்றனர் இவற்றின் ஆதரவாளர்கள். எண்ணம் யாதாயினும், கேட்பவன் காதில் விழுவது வெறும் இரைச்சலே. பூட்டியவன் நல்லவன் என்பதற்காகப் பூட்டு திறந்துவிடுமா?

கப்பலோட்டிகளின் மின்னஞ்சல்களைச் சுமக்கும் ‘வின்லிங்க்’ அமைப்பினர், செய்திகளைப் பின்னர் இணையத்திற் பார்க்கலாமே என்கின்றனர். தபாற்காரர் தாமே எடுத்துக் காட்டும் பிரதியைப் பார்ப்பது வேறு. வானிலே செல்வதை நேரே கேட்பது வேறு. அமெச்சூர் அலைகளில் வியாபாரம் கூடாதென்பது சட்டம். 2020 முதல் அமெரிக்காவில் தொண்டர் கண்காணிப்பாளர்கள் இச்சேவையைக் காவல் செய்கின்றனர். தமக்கு விளங்காததை அவர்கள் எங்ஙனம் கண்காணிப்பர்?

2023 நவம்பரில் அந்நாட்டின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, சிற்றலைத் தரவுகளுக்கு இருந்த 300 போட் வேகவரம்பை நீக்கி, 2.8 கிலோஹேர்ட்ஸ் அகலவரம்பை ஏற்படுத்தியது. பழைய வரம்பு காலங்கடந்தது. அது போனதில் எமக்கு வருத்தமில்லை. எமது முறைப்பாடு வேறு. குறியீட்டு முறைகளின் தொழினுட்ப இயல்புகள் பகிரங்கமாக ஆவணப்படுத்தப்படல் வேண்டுமென்ற விதி முன்னரே உண்டு. எவ்வளவுக்கு என்பதை அது கூறவில்லை. வாசலை அகலத் திறந்த ஆணைக்குழு அதனை அன்றே தெளிவுபடுத்தியிருக்கலாகாதா?

இடர்காலச் செய்திகளில் நோயாளரின் அந்தரங்கம் காக்க மறைகுறியீடு வேண்டுமென்று 2013இல் ஒரு மனு எழுந்தது. ஆணைக்குழு அதே ஆண்டில் அதனைத் தள்ளிவிட்டது. அத்துணிவை நாம் மெச்சுகின்றோம். அந்தரங்கச் செய்திகளுக்கு வேறு சேவைகள் உள.

திறந்த முறையில் வல்லமை பிறவாதென்பாரும் உளர். ‘டி-ஸ்டார்’ குரல் முறையைச் சப்பானிய அமெச்சூர் சங்கம் பகிரங்கமாக வகுத்தது. ஆனால் அதன் குரற்சுருக்கியோ ஓர் அமெரிக்கக் கம்பனியின் உடைமை. இதைக் கண்டு கைகட்டி நில்லாது, ஆஸ்திரேலியப் பொறியியலாளர் டேவிட் றோ ‘கோடெக் 2’ என்னும் சுருக்கியைத் தாமே ஆக்கி உலகுக்கு இலவசமாக ஈந்தார். அதுவே அமெச்சூர்!

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. வெளியிடப்பட்ட ஆவணத்தை மட்டும் கொண்டு மூன்றாமவர் ஒருவர் தாமே ஒரு வாங்கியை ஆக்கிச் செய்தியைப் படிக்க முடியுமா? முடியாதெனில் அம்முறைக்கு அமெச்சூர் அலைகளில் இடமில்லை என ஆணைக்குழு விதியில் எழுதட்டும். அவகாசமாக ஓராண்டு கொடுக்கட்டும். அதற்குள் கம்பனிகள் வெளியிடட்டும், அன்றேல் வேறு அலைவரிசை தேடிக்கொள்ளட்டும்.